தட்டில் இருப்பது உடம்பில் ஒட்ட வேண்டுமே: கழிப்பறையும் குழந்தை வளர்ச்சியும்

அங்கன்வாடியில் எடை போடும் நாளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: "நல்லாத்தான் சாப்பிடுறான் டீச்சர், உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." டீச்சர் உடனே சத்துமாவைப் பற்றிக் கேட்பார். முட்டை கொடுங்க, பருப்பு கடைஞ்சு கொடுங்க, கீரை கொடுங்க என்று சொல்வார். எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, பிள்ளை எந்தத் தரையில் தவழ்கிறான் என்ற கேள்விகள் அங்கே வருவது அபூர்வம். குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் அவற்றோடு என்ன சம்பந்தம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஊட்டச்சத்துக் குறைபாட்டை மூன்று விதமாக அளக்கிறார்கள். வயதுக்கேற்ற எடை இல்லாமல் இருப்பது ஒன்று. உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருப்பது இன்னொன்று. மூன்றாவது, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பது. இதை வளர்ச்சிக் குன்றல் என்கிறார்கள். நாலு நாள் காய்ச்சலில் படுத்தால்கூட எடை இறங்கும், பிறகு ஏறிவிடும். உயரம் அப்படியல்ல. மாதக்கணக்கில் உடம்பு பட்ட கஷ்டமெல்லாம் அதில் பதிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே பேசுவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, இரண்டு வயது முடிந்த ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 87 சென்டிமீட்டர். 81க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றிய குழந்தை என்று கணக்கு. "அது வெள்ளைக்காரப் பிள்ளைங்க கணக்குங்க, நம்ம பிள்ளைங்க குட்டையாத்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அளவுகோலை உருவாக்க ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். அதில் டெல்லிக் குழந்தைகளும் இருந்தார்கள். நல்ல சூழலில் வளர்ந்தால் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பதே அந்த ஆய்வில் தெரிந்தது.

இப்போது நம் நிலவரம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம். ரேஷன் அரிசி, சத்துணவு, அங்கன்வாடி என்று இத்தனை ஏற்பாடு உள்ள மாநிலத்தில் நாலில் ஒரு குழந்தை.

சாப்பாடு மட்டுமே காரணம் என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது. இது பழைய புதிர். நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைமை வகித்த வி. ராமலிங்கசுவாமி, வேறு இருவருடன் சேர்ந்து 1996இலேயே இதை எழுப்பினார்: ஆப்பிரிக்காவைவிடத் தெற்காசியாவில் குழந்தைகள் ஏன் இவ்வளவு நலிந்திருக்கிறார்கள்? அவர் அப்போது அதிகம் பேசியது பெண்களின் நிலையைப் பற்றி. பிறக்கும்போதே எடை குறைவாக இருப்பது, தாய்க்கே சத்து இல்லாதது எல்லாம் அதில் அடக்கம். அந்த விளக்கம் இன்றும் செல்லும். அதோடு சேர்க்க வேண்டிய இன்னொரு விளக்கமாக மலமும் மண்ணும் பேச்சுக்கு வந்தது பிற்பாடுதான்.

வாய்க்குப் போகும் வழிகள்

மலத்தில் இருக்கும் கிருமி இன்னொருவர் வாய்க்குள் எப்படிப் போகிறது? 1958இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடு ஒன்றில் எட்மண்ட் வாக்னர், லனுவா என்ற இரண்டு பொறியாளர்கள் இதைப் படமாகவே போட்டுவிட்டார்கள். விரல், ஈ, வயல் மண், தண்ணீர், உணவு ஆகியவைதான் வழிகள். இன்றுவரை சுகாதாரப் பயிற்சி வகுப்புகளில் கொஞ்சம் மாற்றிக் காட்டப்படுவது அந்தப் படம்தான்.

ஆனால் அந்தப் படம் பெரியவர்களை வைத்துப் போட்டதுபோலத் தோன்றும். ஒரு வயதுக் குழந்தையைப் பின்தொடர்ந்து பார்த்தால் கதை வேறு. பாயிலிருந்து இறங்கி வாசல் மண்ணுக்குத் தவழும். தரையில் கிடக்கும் ஸ்பூனை எடுத்து வாயில் வைக்கும். கோழி எச்சம் பட்ட இடத்தில் கையை ஊன்றி, அதே கையால் பிஸ்கட்டைப் பிடித்துச் சப்பும். அம்மா துணி துவைத்த ஈரத் தரையில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து கொஞ்சம் தின்றும் பார்க்கும். சில நிமிஷம்தான் ஆகியிருக்கும். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுக்கும் வீட்டிலும் இது நடக்கும். ஜிம்பாப்வே கிராமங்களில் ஆய்வாளர்கள் குழந்தைகள் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து, எதை எதை வாயில் வைக்கிறார்கள் என்று குறித்தார்கள். மண்ணும் கோழி எச்சமும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இப்படி உள்ளே போவது என்ன செய்கிறது? எல்லாருக்கும் தெரிந்தது பேதி. வயிற்றால் போகும் நாட்களில் குழந்தை சாப்பிடாது, சாப்பிட்டாலும் தங்காது, காய்ச்சல் வேறு சேர்ந்து உள்ளதையும் எரித்துவிடும். ஒருமுறை வந்து போனால் உடம்பு இழந்ததை மீட்டுக்கொள்ளும். மீளுவதற்குள் அடுத்த பேதி, அதிலிருந்து எழுவதற்குள் இன்னொன்று என்று வந்தால்தான் சிக்கல். பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு வயதில் காணும் வளர்ச்சிக் குன்றலில் சுமார் கால் பங்கை, அதற்குள் ஐந்து முறையோ அதற்கு மேலோ வந்த பேதியோடு தொடர்புபடுத்தியது.

இரண்டாவது, புழுக்கள். நாக்குப்பூச்சி குழந்தையின் சாப்பாட்டில் பங்கு கேட்கும். கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தாலே தோல் வழியாக உள்ளே வந்துவிடும். கர்ப்பிணிக்கு அது இருந்தால் ரத்தசோகை, அதனால் எடை குறைந்த பிரசவம் என்று பாதிப்பு அடுத்த தலைமுறைக்கும் போகும். அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தால் புழு போய்விடும். ஆனால் அதே மண்ணில்தான் விளையாட வேண்டும் என்றால் அது திரும்பி வரும், அதனால்தான் மாத்திரையும் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

வெளியே தெரியாத சேதம்

மூன்றாவது வழிதான் அதிகம் பேசப்படாதது. என் பார்வையில் மிக முக்கியமானதும் அதுதான். இதில் பேதி இருக்காது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லாரும் நினைப்பார்கள்.

சிறுகுடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத விரல்போன்ற நீட்சிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. புது டர்க்கி டவல் தண்ணீரை உறிஞ்சுவதற்கும் பல வருஷம் தேய்ந்த டவல் உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும் அல்லவா? குடலின் நீட்சிகளும் அப்படித்தான். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமி உள்ளே வந்துகொண்டே இருந்தால் அவை மழுங்கிக் குட்டையாகிவிடுகின்றன. உறிஞ்சும் பரப்பு குறைகிறது. இன்னொன்றும் நடக்கிறது: சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள பிணைப்பு தளர்ந்து, குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய நுண்ணுயிர்த் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. உடனே நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சின்னதாக, ஓயாத ஒரு போர். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அந்தப் போருக்குச் செலவாகிறது. எலும்பை நீளச் சொல்லும் ஹார்மோன் சமிக்ஞைகளும் அடங்கிப்போகின்றன.

இந்தக் கதையில் வேலூருக்குப் பங்கு உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் 1960களிலிருந்து தென்னிந்தியர்களின் குடலை ஆராய்ந்தார்கள். நோயே இல்லாதவர்களின் குடலிலும் இந்த மழுங்கல் இருப்பதைப் பதிவு செய்தார்கள். அது நம் இனத்தின் இயல்பா, நாம் வாழும் இடத்தின் விளைவா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதே காலத்தில் பாகிஸ்தானுக்கு வந்து வேலை செய்த அமெரிக்கத் தொண்டர்களின் குடலிலும் இதே மாற்றம் தென்பட்டது. ஊர் திரும்பிச் சில மாதங்களில் சரியாகியும் போனது. ஆக, இடம்தான்.

வேலூரிலிருந்தே இன்னொரு செய்தி. போலியோ சொட்டு மருந்து அமெரிக்கக் குழந்தைகளிடம் வேலை செய்த அளவு நம் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை என்பதை அங்கே டி. ஜேக்கப் ஜான் 1970களின் தொடக்கத்திலேயே காட்டினார். நம் குழந்தைகளுக்கு அதிகத் தவணைகள் தேவைப்பட்டதன் பின்னணி இதுதான். ஓயாமல் கிருமிகளோடு மல்லுக்கட்டும் குடல் ஒரு காரணம் என்று இன்று கருதுகிறார்கள்.

இந்தக் குடல் சேதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வகைச் சர்க்கரை கலந்த தண்ணீரைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்து, பிறகு சில மணி நேரம் சிறுநீரைப் பிடித்து அளப்பார்கள். ஒன்று சிறிய மூலக்கூறு, ஆரோக்கியமான குடல் அதை உள்ளே விடும். மற்றது பெரியது, அதை விடக்கூடாது. பெரியது அதிகமாகவும் சிறியது குறைவாகவும் சிறுநீரில் வந்தால் குடல் ஓட்டை, உறிஞ்சலும் மந்தம். ஒரு வயதுப் பிள்ளையிடம் மணிக்கணக்கில் சிறுநீர் பிடிப்பதன் அவஸ்தையைத் தாய்மார்களிடம்தான் கேட்க வேண்டும். அங்கன்வாடியில் செய்யக்கூடிய சோதனை இல்லை. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி இந்த விஷயம் வெளியே வராததற்கு அதுவும் ஒரு காரணம். 2009இல் ஜீன் ஹம்ஃப்ரி என்ற ஆய்வாளர், குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றலுக்குப் பேதியைவிட இந்த மறைமுகச் சேதமே பெரிய காரணமாக இருக்கலாம் என்று எழுதிய பிறகுதான் உலகம் கழிப்பறையையும் உயரத்தையும் சேர்த்துப் பேசத் தொடங்கியது.

பக்கத்து வீட்டுக் கக்கூஸ்

"எங்க வீட்டுல கக்கூஸ் இருக்கு, அதனால எங்க பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை" என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஈ வேலி பார்த்துப் பறப்பதில்லை. மழைத்தண்ணீர் எல்லார் வாசலையும் தொட்டுக்கொண்டுதான் ஓடும். பொருளியலாளர் டீன் ஸ்பியர்ஸ் பல நாடுகளை ஒப்பிட்டுச் சொன்னது இதுதான்: எத்தனை பேர் மலம் கழிக்க வெளியே போகிறார்கள் என்பதோடு, எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்துகொண்டு வெளியே போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கிராமம் பரந்து கிடக்கும். நம் ஊரில் ஓடைக்கரையும் ரயில்வே லைன் ஓரமும் குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் பாதிக்கு மேல் வீட்டில் கழிப்பறை இல்லாதவை.

இதே ஸ்பியர்ஸும் மைக்கேல் கெருசோவும் இன்னொரு புதிரையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் முஸ்லிம் குடும்பங்கள் சராசரியாக இந்துக் குடும்பங்களைவிட வசதி குறைந்தவை. ஆனாலும் அங்கே குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறப்பது குறைவாக இருந்தது. அவர்கள் கண்ட விடை: முஸ்லிம் குடும்பங்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவது அதிகம், அவர்களுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் அப்படியே. முஸ்லிம்கள் நிறைந்த தெருவில் வாழும் இந்துக் குழந்தைகளுக்கும் அந்த நன்மை போய்ச் சேர்ந்தது. தெருவே ஒரு வீடு மாதிரிதான், இந்த விஷயத்தில்.

சரி, கக்கூஸ் கட்டிவிட்டால் போதுமா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. நேர்மையாகச் சொல்ல வேண்டிய பகுதியும் இதுதான்.

ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் கழிப்பறை கட்டும் திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். திட்டம் நடந்த கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. 2014இல் முடிவு வந்தது: பேதியும் குறையவில்லை, புழுவும் குறையவில்லை, உயரமும் கூடவில்லை. கட்டியதில் பலதைப் பயன்படுத்தவில்லை என்பது ஒரு காரணம். ஊரில் மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல் இன்னும் இல்லாதபோது மண் எப்படிச் சுத்தமாகும் என்பது இன்னொரு காரணம்.

அப்படியானால் எல்லாரும் ஒழுங்காகப் பயன்படுத்தும் அளவுக்குச் செய்து பார்ப்போம் என்று பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே மூன்றிலும் பெரிய சோதனைகள் நடந்தன. பங்களாதேஷில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டு, பிறந்த குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சில குடும்பங்களுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை, குழந்தை உட்கார்ந்து ஆய் போக ஒரு சின்னச் சட்டி, மலத்தை அள்ளிப் போட ஒரு கரண்டி, குழாய் வைத்த கை கழுவும் வாளி எல்லாம் கொடுத்தார்கள். ஊழியர்கள் மாதத்தில் பலமுறை வீட்டுக்கே போய் நினைவூட்டினார்கள். 2018இல் வந்த முடிவில் பேதி நன்றாகவே குறைந்திருந்தது. கணக்கெடுத்தபோது பேதி இருந்த குழந்தைகள் 5.7 சதவீதம் என்பது, சுகாதார ஏற்பாடு கிடைத்த பிரிவுகளில் நாலுக்குக் கீழே வந்தது. உயரம்? அசையவில்லை. கூடுதல் சத்துணவு கொடுத்த பிரிவில் மட்டும் சுமார் முக்கால் சென்டிமீட்டர் கூடியது. சத்துணவோடு கழிப்பறையும் சேர்ந்தபோது அதற்கு மேல் ஏறவில்லை. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் உயரக் கதை இதேதான்.

இதைப் பார்த்து "அப்போ கக்கூஸுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று சிலர் முடிவு கட்டினார்கள். எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. அந்தச் சோதனைகளில் ஏற்பாடுகள் கிடைத்தது கர்ப்பிணி இருந்த வீட்டுக்கும் அந்த வளாகத்துக்கும் மட்டும். ஊர் முழுக்க மாறவில்லை. கோழி முற்றத்தில்தான் மேய்ந்தது. தரை மண் தரையாகவே இருந்தது. குழந்தையின் வாய்க்குப் போகும் கிருமி பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் பேதி குறையலாம், குடல் ஆறுவதற்கு அது போதாமல் இருக்கலாம். மாலி நாட்டில் ஊரையே ஒன்றாக மாற வைத்த ஒரு திட்டத்தில் பேதி குறையவில்லை, ஆனால் குழந்தைகளின் உயரம் கூடியது. மற்றவற்றோடு முரண்படும் இந்த முடிவும் கையில் இருக்கிறது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 2019-21 ஆய்வின்படி கேரளத்தில் 98 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல கழிப்பறை வசதி உண்டு. அங்கேயும் 23.4 சதவீதக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியவர்கள், முந்தைய ஆய்வைவிட அதிகம். தமிழ்நாட்டில் 2015-16க்கும் 2019-21க்கும் நடுவே நல்ல கழிப்பறை வசதி 52 சதவீதத்திலிருந்து 72 சதவீதத்துக்கு மேல் தாவியது. வளர்ச்சிக் குன்றல் 27.1இலிருந்து 25க்குத்தான் இறங்கியது. கழிப்பறையைக் கட்டிப் பெயின்ட் அடித்துப் போட்டோ எடுத்துவிட்டால் பிள்ளை வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாயின் உடல்நலம், பிறந்த எடை, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு முட்டையும் பருப்பும் போதிய அளவு, இவையெல்லாம் இல்லாமல் சுத்தம் மட்டும் உயரத்தைத் தராது. பங்களாதேஷில் திறந்தவெளிப் பழக்கம் 1990இல் மூன்றில் ஒரு பங்காக இருந்து இன்று ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கிறது, 2004இல் பாதியாக இருந்த வளர்ச்சிக் குன்றல் 2022இல் 24 சதவீதமாகியிருக்கிறது. அங்கேயும் பெண் கல்வி, வருமானம், தடுப்பூசி எல்லாம் கூடவே முன்னேறின. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது லேசில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குழந்தையின் ஆய் முதல் விஷயம். "பாலும் சோறும்தானே, அதுல என்ன இருக்கு" என்று காகிதத்தில் எடுத்துக் குப்பைமேட்டில் வீசுவதும், கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றுவதும் சாதாரணமாக நடக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குத் தொற்று அதிகம் என்பதால் அவர்கள் மலத்தில் கிருமியும் அதிகம்தான். அதுவும் கக்கூஸுக்குள்தான் போக வேண்டும், கழுவிய தண்ணீர் உட்பட.

கை கழுவுவதில் இரண்டு நேரம் தவறக்கூடாது: குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன்பு. சோப்பு குளியலறை மாடத்தில் இருந்தால் அடுப்படியில் இருப்பவர் அதற்காக எழுந்து போகமாட்டார். அடுப்படியிலேயே ஒன்று இருக்கட்டும். ஊட்டுகிற கிண்ணத்தில் காலையில் மிச்சமானதைச் சாயங்காலம் கொடுப்பது இன்னொரு பழக்கம், வெயில் காலத்தில் அது கிருமிக்கு விருந்து. குடத்தில் கையோடு சொம்பை முக்கி மொள்ளுவதற்குப் பதில் நீளக் கைப்பிடி வைத்த அகப்பையோ குழாய் வைத்த பாத்திரமோ வைத்துக்கொள்ளலாம். கோழி வளர்ப்பவர்கள் பிள்ளை தவழும் இடத்தையாவது கூடையோ வலையோ வைத்துப் பிரித்துவிடுவது நல்லது.

கடைசியாக, பலரும் யோசிக்காதது: கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது? "செப்டிக் டேங்க்" என்று நாம் சொல்வது பல வீடுகளில் உறை இறக்கிய வெறும் குழிதான். முறையான தொட்டியாக இருந்தாலும், அதிலிருந்து வரும் தண்ணீரை உறிஞ்சுகுழிக்குக் கொண்டுபோகாமல் நேரே தெருச் சாக்கடையில் குழாயைத் திறந்துவிடுவது டவுன்களில் சர்வசாதாரணம். உள்ளே டைல்ஸ் பளபளக்கும். கிருமியெல்லாம் தெருவில் பிள்ளைகள் பந்து பொறுக்கும் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு, கிராமத்தில் இடம் இருந்தால் இரட்டைக் குழி முறை நல்லது. ஒரு குழி நிறைந்ததும் இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை இரண்டு வருஷம் மூடியே வைத்தால் அது நாற்றமில்லாத எருவாகிவிடும். லாரியும் வேண்டாம், யாரும் உள்ளே இறங்கவும் வேண்டாம். கிணறோ போர்வெல்லோ இருந்தால் குழி குறைந்தது 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மணல்பாங்கான மண்ணாகவோ, தண்ணீர் மேலேயே ஊறும் இடமாகவோ இருந்தால் இன்னும் தள்ளி. இதைக் கொத்தனாரிடம் அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லிவிட வேண்டும், தளம் போட்ட பிறகு மாற்றுவது செலவு.